காம்பவுண்டில் கை நனைத்தவர்கள்

எனக்குத் தெரிந்த முதல் ஆங்கிலச் சொல் காம்பவுண்ட். அது ஆங்கிலம் என்று தெரியவே பத்து வயதாகிவிட்டது. குடம், இட்லி, காம்பவுண்ட் மூன்றும் ஒரே மொழி என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

காளவாசலுக்குச் சற்று மேற்கே இருந்தது எங்கள் காம்பவுண்ட். ஓர் இரும்புக் கதவு. உள்ளே எதிரும் புதிருமாக நாலும் நாலும் எட்டு வீடுகள். நடுவில் சிமெண்டு முற்றம், முற்றத்தின் கோடியில் ஒரு குழாய், குழாய்த் தண்ணீர் ஓடிப் பாயும் இடத்தில் இரண்டு வாழை, அதற்கும் பின்னால் எட்டுக் குடும்பத்துக்கும் சேர்த்து இரண்டு கக்கூஸ். வேறு ஊர்களில் காம்பவுண்ட் என்றால் சுற்றுச்சுவர். மதுரையில் சுவருக்கு உள்ளே இருக்கிற மொத்தமும் காம்பவுண்ட்தான். ஆட்கள், சண்டை, குழம்பு வாசனை எல்லாம் அதில் அடக்கம். யார் வீட்டில் கருவாடு என்பதை மறைக்க முடியாது. யார் வீட்டில் அடி விழுந்தது என்பதை மறைக்க யாரும் முயன்றதும் இல்லை.

போதாக்குறைக்கு என் அப்பா ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். டாக்டர் சீட்டில் எதையோ கிறுக்குவார். அப்பா தட்டிக்குப் பின்னால் நின்று மருந்து கலக்குவார். வயிற்றுக்கு ரோஸ் கலர், இருமலுக்குக் காப்பிக் கலர், காய்ச்சலுக்கு மஞ்சள். ஒரு காகிதத் துண்டைப் பல் பல்லாக வெட்டிப் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டிக் கொடுப்பார். வேளைக்கு ஒரு பல் அளவு குடிக்க வேண்டும். எங்கள் காம்பவுண்டில் டாக்டரைவிட அப்பாவுக்குத்தான் மரியாதை. “டாக்டரு எழுதத்தானே செய்யறாரு, கலக்குறது நம்ம அண்ணேல்ல” என்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர் புதிதாக ஒரு காம்பவுண்டைக் கொண்டுவந்து கரும்பலகையில் எழுதினார். இரண்டு பொருள்கள் சேர்ந்து, தங்கள் பழைய குணத்தை இழந்து, மூன்றாவதாக ஒன்று ஆனால் அது காம்பவுண்ட். சும்மா கலந்து கிடந்தால் அது மிக்சர். அன்று மாலையே நான் அப்பாவிடம் போனேன்.

“நீங்க கலக்குறது மிக்சருதான். காம்பவுண்டே இல்ல. உங்களை மிக்சர்னுதான் கூப்பிடணும்.”

“கூப்பிட்டுக்க. சம்பளம் அம்புட்டுத்தேன்” என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அந்தச் சொல் என்னை விடவில்லை. இங்கிலீஷ் டீச்சர் இரண்டு வாக்கியங்களை ஓர் ‘அண்ட்’ போட்டு முடிச்சுப் போட்டு அதையும் காம்பவுண்ட் என்றார். கணக்கு வாத்தியார் வட்டிக்கு வட்டி போட்டு அதற்கும் அதே பேரைச் சொன்னார். அன்றோடு எனக்கு அந்த வாத்தியாரைப் பிடிக்காமல் போனது. அம்மாவின் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் காம்பவுண்ட். அசல் பெருங்காயத்தோடு மாவும் பிசினும் சேர்த்துவிட்டு அதைத் தைரியமாக வெளியே எழுதியும் வைத்திருந்தார்கள். கலப்படத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கௌரவமான பெயர் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

விவகாரம் பிடிபட்டது பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேர்ந்த பிறகுதான். கல்லூரி நூலகத்தில் ஒரு தடித்த அகராதியைச் சாமி சிலை போலத் தனி மேடையில் வைத்திருந்தார்கள். அதில் தேடியபோதுதான் தெரிந்தது, காம்பவுண்ட் ஒரு சொல்லே அல்ல, இரண்டு. கலப்பதற்கான காம்பவுண்ட் லத்தீனிலிருந்து வந்தது. ஒன்றாகச் சேர்த்து வை என்று பொருள். அதன் வாலில் இருக்கும் ‘டி’ எழுத்து பிற்பாடு வந்து ஒண்டிக்கொண்டதாம், அட்வான்ஸ் கொடுக்காமல் குடிவந்த குடித்தனக்காரன் மாதிரி. நாங்கள் குடியிருந்த காம்பவுண்டோ மலாய்க்காரர்களின் கம்போங். அந்த ஊரில் கிராமத்துக்கும் குடியிருப்புக்கும் அதுதான் பேர். கப்பலில் போன வெள்ளைக்காரன் அதைக் காதில் வாங்கி, எழுதத் தெரியாமல், கையில் ஏற்கெனவே இருந்த காம்பவுண்டின் எழுத்துக்களை எடுத்து மாட்டிவிட்டான். இப்படி எங்கேயோ தென்னந்தோப்புக்குள் கிடந்த ஊர், கடல் தாண்டிக் காளவாசலுக்கு வந்து, இரண்டு கக்கூஸோடு நின்றுவிட்டது.

இந்தக் கண்டுபிடிப்பை வீட்டில் வந்து சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“இதப் படிக்கத்தேன் தினமும் பஸ் ஏறிப் போறியா?” என்று கேட்டாள். அடுத்த வாரமே தரகரை வரச் சொல்லிவிட்டாள்.

அப்போது நான் இரண்டாம் வருஷம். மூன்றாம் வருஷம் முடித்து எம்.ஏ. படிக்க வேண்டும், எங்காவது ஒரு கல்லூரியில் மேடையேறி நின்று பாடம் நடத்த வேண்டும் என்று ஆசை. எங்கள் ஆட்களில் கல்யாணம் பேசிய பிறகு படித்த பெண் கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் “படிக்க வைக்கிறோம்” என்பார்கள். தாலி ஏறிய மறுநாள் அந்தப் பேச்சு ஆடிக்காற்றில் அம்மி போன கதையாகிவிடும். வந்த வரன் திருமங்கலம் பக்கம், அரசாங்க ஆபீசில் கிளார்க். அம்மாவுக்கு அரசாங்கம் என்ற சொல்லே போதும், ஆபீசில் என்ன வேலை என்பதுகூடக் கேட்கவில்லை. நான் அழுதேன். சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். அரிசி மிச்சம் என்று அம்மா விட்டுவிட்டாள்.

இங்கே முதல் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரும்புக் கதவை ஒட்டி இருந்த வீடு அது. அங்கே ஓர் அக்காவும் அவளுடைய அம்மாவும் இருந்தார்கள். அந்த அம்மாவுக்கு ஆஸ்துமா. அப்பாவின் காப்பிக் கலர் மிக்சரில் ஓடிக்கொண்டிருந்த உடம்பு. அக்கா வீட்டில் தையல் மிஷின் போட்டுப் பாவாடையும் ஜாக்கெட்டும் தைப்பாள். எங்களைப் போலவே மேற்கே உசிலம்பட்டிப் பக்கம் விவசாயம் பார்த்த சம்சாரிக் குடும்பம், எங்கள் ஆட்கள்தான். அக்காவுக்கு இருபத்தாறு முடிந்திருந்தது. ஜாதகம் சரியில்லை என்பார்கள், நிறம் கம்மி என்பார்கள், சீர் செய்ய ஆள் இல்லை என்பார்கள். வந்து பார்த்தவர்கள் எல்லாம் ஊருக்குப் போய்க் கடிதம் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் தபால்காரர் அப்படி ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் காம்பவுண்டில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வீட்டுக்கு விருந்தாளி வந்து அந்த வீடு பூட்டியிருந்தாலும், அவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பது முதல் வீட்டின் பொறுப்பு. அதற்குப் பதிலாகக் காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் முதல் குடம் அவர்களுடையது. யார் இதை ஏற்படுத்தியது என்று தெரியாது. ஆனால் குழாயடியில் எதற்கெல்லாமோ மயிரைப் பிடித்துக்கொண்டவர்கள் இந்த முதல் குடத்துக்கு மட்டும் ஒருநாளும் சண்டை போட்டதில்லை.

பெண் பார்க்க வருவதாகச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராகு காலம் தொடங்குவதற்கு முன், மாலை நான்கு மணிக்கு. அன்று காலை அப்பா வேலைக்குப் போய்விட்டார். புதுமண்டபத்துத் தையல்காரரிடம் கொடுத்திருந்த பட்டு ஜாக்கெட்டை வாங்க அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். காம்பவுண்டிலேயே தையல்காரி இருக்க அங்கே ஏன் கொடுத்தாய் என்றால், கல்யாணம் ஆகாதவள் கை பட்டால் ராசி இல்லையாம். அம்மாவுக்கு இந்த மாதிரி சட்டங்கள் நிறைய உண்டு.

நாங்கள் திரும்பி வரும்போது மணி ஒன்றிருக்கும். முற்றத்தில் முன்பின் தெரியாத ஐந்து பேர் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். முதல் வீட்டு அக்கா துண்டை நீட்டியபடி நின்றாள். வடிகால் ஓரத்தில் ஐந்து வாழை இலைகள் மடித்துக் கிடந்தன. அம்மாவின் கையிலிருந்த ஜாக்கெட் பொட்டலம் கீழே விழுந்தது.

மாப்பிள்ளை வீட்டார்தான். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு கெட்டிக்காரத்தனம். சொன்ன நேரத்துக்குப் போனால் பெண்ணைப் பவுடர் பூசித்தான் காட்டுவார்கள், முன்கூட்டியே போனால் உள்ளது உள்ளபடி பார்க்கலாம். காலையில் திருப்பரங்குன்றத்தில் வேண்டுதல், அது முடியும்வரை யாரும் சாப்பிடக் கூடாது. கோயிலிலிருந்து நேரே பஸ் ஏறிவிட்டார்கள். வந்து பார்த்தால் எங்கள் வீட்டில் பூட்டு. பசி மயக்கத்தில் நின்றவர்களை அக்கா கூப்பிட்டு உட்கார வைத்தாள். சாம்பார், ரசம், அப்பளம், மோர் என்று இலை போட்டுப் பரிமாறினாள். மாப்பிள்ளையின் அம்மா விரும்பியபடியே என்னை உள்ளது உள்ளபடி பார்த்தார். வெயிலில் கறுத்து, வியர்வை வழிந்து, தலை பிரிந்து நின்றேன்.

“உள்ள வாங்க, வாங்க” என்று அம்மா பூட்டைத் திறக்க ஓடினாள். அப்போதுதான் மாப்பிள்ளையின் தாய்மாமன் வாயைத் திறந்தார். பெரிய மீசை, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி. மனிதர் ஏப்பத்தை அடக்கிக்கொண்டு அக்காவைக் காட்டினார்.

“கொஞ்சம் இருங்கத்தா. எனக்கு ஒண்ணு வெளங்கணும். இந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிருச்சா?”

“இல்லய்யா, தட்டிக்கிட்டே போகுது” என்றார் அக்காவின் அம்மா, உள்ளிருந்து இருமிக்கொண்டே.

“நீங்க எந்தப் பக்கம்?”

“உசிலம்பட்டிக்கு மேக்க. நம்ம ஆளுகதேன்.”

தாய்மாமன் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் தலையில் கை வைத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் வழக்கத்தில் சம்பந்தம் பேசப் போனவர்கள் பேச்சு முடிவாகும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காப்பி, பலகாரம் கணக்கில்லை. சோறு சாப்பிட்டால் சரி என்று சொன்னதாக அர்த்தம். இவர்களோ பெண் கேட்கக் கிளம்பிய நாளில், சொந்த ஆட்கள் வீட்டில், வயதுப்பெண் கையால் இலை போட்டு மூன்று கை ரசம் வாங்கி உண்டிருக்கிறார்கள்.

“சோறு போட்ட வீட்ட விட்டுட்டு எதுத்த வீட்ல போயி எப்படிப் பொண்ணு கேக்குறது?” என்றார் தாய்மாமன்.

“பசிச்சவுகளுக்குச் சோறு போட்டது ஒரு குத்தமா? எங்க காம்பவுண்டுல முதல் வீடு எல்லாருக்கும் பொதுங்க” என்றாள் அம்மா.

“பொண்ணும் பொதுவா?” என்றார் அவர்.

எட்டு வீட்டு வாசலிலும் ஆள் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேறு என்ன பொழுதுபோக்கு? அம்மா விஷயத்தை இன்னும் மோசமாக்கினாள். ஆங்கிலத்தில் அதற்கும் காம்பவுண்ட் என்றுதான் பெயர் என்பது அந்த நேரத்திலும் எனக்கு ஞாபகம் வந்தது, என் புத்தி அப்படி. “ராசியில்லாத வீட்டுல சாப்பிட்டது கணக்குல வராது” என்று அம்மா சொல்லிவிட்டாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். துண்டு இன்னும் அவள் கையில் இருந்தது.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று யாரோ மாப்பிள்ளையைக் கேட்டார்கள். அவர் ஒல்லியாக, வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார்.

“ரசம் நல்லா இருந்துச்சு” என்றார்.

கடவுள் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, ஆனால் ஜன்னல் திறந்திருந்தது. நான் இரண்டடி முன்னால் வந்தேன். “மாமா சொல்றது சரிதான். சாப்பிட்டது அங்க. பேச்சையும் அங்கயே பேசிக்கங்க” என்றேன். அம்மா என் இடுப்பில் கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றிப்போய்க் கிடந்தது.

அந்த நேரத்தில் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். நடந்ததை ஏழு பேர் ஒரே சமயத்தில் அவருக்குச் சொன்னார்கள். அவர் பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. கடைசி வீட்டிலிருந்து காம்பவுண்டின் சொந்தக்காரர் வந்து சேர்ந்தார். சுங்குடிச் சேலை வியாபாரி, வீட்டுக்குள் சௌராஷ்டிரமும் முற்றத்தில் தமிழும் பேசுகிறவர். ஏதோ ஒரு சொத்து வழக்கில் பல வருஷம் கோர்ட்டுக்கு நடந்து சட்டத்தில் பாதியைக் கற்றிருந்தார்.

“வளக்க வேண்டாம். காம்பவுண்ட் பண்ணிக்கலாம்” என்றார்.

இரு தரப்பும் ஏதோ ஒன்றுக்கு ஒத்துக்கொண்டு வழக்கை விட்டுவிடுவதற்குக் கோர்ட்டிலும் அதே பெயர் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். அவர் சொன்ன வழி இது: முதல் வீட்டுப் பெண்ணின் ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போங்கள். பொருந்தினால் சோறு போட்ட வீட்டிலேயே சம்பந்தம். பொருந்தாவிட்டால் சோற்றுக் கடனைச் சாமியே ரத்து செய்துவிட்டார், கம்பவுண்டர் வீட்டுக்கு வந்து பெண் கேளுங்கள். தாய்மாமன் ஒத்துக்கொண்டார். அம்மாவும் ஒத்துக்கொண்டாள். முதல் வீட்டு ஜாதகம் எங்கேயும் பொருந்தாது என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த வாரம் எனக்கு நரகமாக இருந்தது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடவில்லை. அம்மா தினமும் விடிகாலை முதல் வீட்டுக் குடத்துக்கு முன்னால் எங்கள் குடத்தைக் கொண்டுபோய் வைத்தாள். அக்கா இரண்டாவதாகப் பிடித்துக்கொண்டு போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அவள் ஜாதகம் பொருந்த வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அவளுக்காக அல்ல.

“ஒரு இலைச் சோத்துல போற மாப்பிள்ளை போகட்டும்டி. இவ படிக்கட்டும்” என்று அப்பா ஒருநாள் அம்மாவிடம் சொன்னார். கல்யாண விஷயத்தில் அவர் வாயைத் திறந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

ஜாதகம் பொருந்தியது. எங்கள் காம்பவுண்டில் யாராலும் நம்ப முடியவில்லை. தாய்மாமன் ஜோசியரை மாற்றினாரா, ஜோசியர் மனதை மாற்றினாரா, தெரியாது. வைகாசியில் கல்யாணம் நடந்தது. அம்மா போகவில்லை. நான் போய் இரண்டு பந்தி சாப்பிட்டேன். அடுத்த ஆண்டு பி.ஏ. முடித்தேன், பிறகு எம்.ஏ. படித்தேன், ஒரு கல்லூரியில் வேலையும் கிடைத்தது.

இந்தக் கதையை ஸ்டாஃப் ரூமில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. மாப்பிள்ளையின் ரசம், அம்மாவின் கிள்ளல், தாய்மாமனின் மீசை எல்லாம் நடித்துக் காட்டுவேன். கடைசியில் “வந்த மாப்பிள்ளையைத் தூக்கி எதிர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தவள் நான்” என்று முடிப்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். ஒரு நல்ல காரியம் செய்தவளுக்கு உண்டாகும் நிறைவு எனக்குள் இருந்தது.

சில வருஷங்கள் கழித்து அக்கா குடும்பம் ஆனையூரில் வீடு கட்டிக் குடிபோனது. ஒரு விடுமுறை நாளில் பார்க்கப் போனேன். இரண்டு பிள்ளைகள், புது மிக்சி, வாசலில் செம்பருத்தி. அக்கா உடம்பு போட்டிருந்தாள். சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“நீதேன் எனக்கு மாப்பிள்ளைய விட்டுக்குடுத்தேன்னு காலேசுல சொல்றியாமே. உன்கூட வேல பாக்குற டீச்சரு எங்க தெருவுலதேன் குடியிருக்காக.”

“சும்மா தமாசுக்குக்கா” என்றேன்.

அவள் கோபப்படவில்லை. குரல்கூட உயரவில்லை.

“அன்னைக்கு வீட்ல காராச்சேவு இருந்துச்சு, காப்பித்தூள் இருந்துச்சு. காப்பியக் குடுத்து உக்கார வச்சிருந்தா ஒரு பேச்சும் வந்திருக்காது. அது எனக்குத் தெரியாதா? சோறு எனக்கும் அம்மாவுக்கும்தேன் இருந்துச்சு. அவுக யாரு, எதுக்கு வந்திருக்காகன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, அப்பறம் புதுசா உலை வச்சு வடிச்சேன். நானே போயி வாழையில இலை அறுத்தேன்.”

“தெரிஞ்சேவா போட்டீங்க?”

“தெரிஞ்சேதேன். உனக்காகன்னு நெனச்சுக்கிறாத, உன் நெனப்பே அப்ப எனக்கு இல்ல. என்னைய பதினோரு பேரு வந்து பாத்துட்டுப் போனாக. ஒருத்தரும் எங்க வீட்ல ஒரு வாய்ச் சோறு திங்கல. இவுக பசியோட வந்தாக. போட்டுட்டேன்.”

ரசத்தை எடுத்து என் தட்டில் ஊற்றினாள். எனக்கு முகம் எரிந்தது. இத்தனை வருஷமாக என் வேண்டாத மாப்பிள்ளையை அவளுக்குத் தானம் கொடுத்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். கொடுக்க என்னிடம் என்ன இருந்தது? பொறாமையாகவும் இருந்தது என்பதை ஒளிப்பானேன். அவள் அளவுக்குத் துணிந்து நான் எதையும் எடுத்துக்கொண்டதில்லை, அன்று மீசைக்காரர் சொன்னதையே திருப்பிச் சொன்னதைத் தவிர. நான் முற்றத்துக்கு வந்து வாயைத் திறந்தபோது ஐந்து பேரும் கை கழுவி முடித்திருந்தார்கள்.